ஊக்கு குத்துனவனைக் கேட்டீங்களா?

அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவர் இருக்கும் இடத்தில் யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது என்பதுதான். ஒருவர் பெயரை எடுத்தால் போதும், "சித்த இருங்க, அவரையே கூப்புட்டுக் கேட்டுருவோம்" என்று எழுந்துவிடுவார். பேச்சுக்குச் சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நிஜமாகவே போய், அந்த ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கல்லூரியில் ஆசிரியர்கள் உட்காரும் அறை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அங்கே இல்லாதவர்களைப் பற்றிப் பேசத்தானே. அவர் உள்ளே நுழைந்துவிட்டால் மழையைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும்தான் பேச முடியும்.

இயற்பியல் துறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கல்யாணமாகாதவர். அவரை மாப்பிள்ளையாக விசாரிக்கத் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். பெண் வீட்டுக்கு வேண்டியவர்கள் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கு வந்து, யாரையாவது டீக்கடைக்குக் கூட்டிப் போய், மரவள்ளி விளைச்சலைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் நைசாகப் பையன் எப்படி என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் பட்டும் படாமலும் நாலு வார்த்தை சொல்வார். அந்த நாலு வார்த்தையில் ஒரு கல்யாணம் நடக்கும், அல்லது நிற்கும். அந்தப் பெரியவர்கள் போயும் போயும் இவரிடம் வந்து மாட்டினார்கள்.

"பையனுக்குக் குடி கிடின்னு ஏதாச்சும் உண்டுங்களா?" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது எனக்கெப்படீங்க தெரியும்? சித்த இருங்க" என்று இவர் மாடிக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் அந்த இயற்பியல்காரரை, கையில் சாக்பீஸோடு, பெரியவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "இவிங்க நீங்க குடிப்பீங்களான்னு கேக்கறாங்க. சொல்லீருங்க."

அவர் குடிப்பவர் இல்லை. ஆனால் அப்படிக் கேட்டால் எந்த மனிதன் முகம் சிவக்காமல், வார்த்தை தடுமாறாமல் பதில் சொல்வான்? சம்பந்தம் அங்கேயே முறிந்தது. இயற்பியல்காரர் ஒரு வருஷம் இவரோடு பேசவில்லை. அது ஏன் என்றே இவருக்குப் புரியவில்லை. "அவரைப் பத்தி அவரைத்தானுங்களே கேக்கோணும்? வேற யாரைக் கேக்கறது?" என்று என்னிடம் வந்து ஆச்சரியப்பட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் அந்தக் கல்லூரியின் நூலகர். எனக்கு ஊர் வாழப்பாடி, வேலை இங்கே. நாமக்கல்லை விட்டு வெளியே வந்து, லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளையெல்லாம் தாண்டினால் கல்லூரி. அவர் சமூகவியல் விரிவுரையாளர். புதுச்சத்திரத்துப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அரைக்கை வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இப்படிப்பட்ட ஒருவர், எண்பதுகளின் தொடக்கத்தில், டாக்டர் பட்டத்துக்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள் பங்க் இசை.

அந்த வார்த்தையே அன்றைக்கு எங்கள் கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. எழுபதுகளின் நடுவில் வேலை கிடைக்காத வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும் கிளப்பிவிட்ட சங்கீதம் அது. கிதாரில் மூன்று இடத்தில் விரல் வைக்கத் தெரிந்தால் மேடை ஏறிவிடலாம். பாடத் தெரிய வேண்டியதில்லை, கத்தத் தெரிந்தால் போதும். கிழிந்த சட்டை, கிழிசலில் வரிசையாக ஊக்கு, குத்திட்டு நிற்கும் தலைமுடி. லண்டனில் தொடங்கியது இரண்டு மூன்று வருஷத்தில் போலந்து, யூகோஸ்லாவியா, பிரேசில், ஜப்பான் என்று பரவிவிட்டது. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதில் அவர் எப்படிப் போய் விழுந்தார் என்றால், ஒரு கோடை விடுமுறையில் சென்னைக்குப் போனபோது அங்கே ஒரு நூலகத்தில் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றைப் படித்திருக்கிறார். அதில் ஒரு பேராசிரியர், இந்தப் பையன்கள் குத்திக்கொள்ளும் ஊக்குக்கு என்ன அர்த்தம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாராம். ஊக்கு என்பது எதிர்ப்பு, ஊக்கு என்பது காயம், ஊக்கு என்பது குடும்பத்தின் மீதான கிண்டல். இவர் அடிக்குறிப்புகள் உட்படக் கடைசி எழுத்து வரை தேடிப் பார்த்திருக்கிறார். ஊக்கு குத்திய ஒரு பையனிடம்கூட, ஏனப்பா குத்தினாய் என்று அந்த மனிதர் கேட்டிருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பேராசிரியருக்கே கடிதம் எழுதினார். பதில் வந்தது. கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் அவரை ஆட்டிவைத்தது. நான் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து அந்தக் கடிதத்தைக் காட்டினார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஊக்கு குத்துனவனைக் கேட்டீங்களான்னு கேட்டா, கேக்க வேண்டியதில்லைங்கறானுங்க. என்ன படிப்புங்க இது?"

அதிலிருந்து தொடங்கியது. பங்க்காரர்கள் வீட்டிலேயே கையால் எழுதி, வெட்டி ஒட்டி, நகலெடுத்து அஞ்சலில் அனுப்பிக்கொள்ளும் பத்திரிகைகள் இருந்தன. ஒன்றின் பின்பக்கத்தில் நாலு முகவரி இருக்கும். அந்த நாலுக்கு எழுதினால் இன்னும் பத்து கிடைக்கும். அப்படிப் பிடித்துப் பிடித்து உலகம் முழுக்க எழுதினார். பதில் எழுதுகிறவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வெளிநாட்டுப் பதில் கூப்பன் வைத்து அனுப்புவார். அது நாமக்கல்லில் கிடைக்காது. அதற்கென்று சேலம் பெரிய தபாலாபீசுக்கு பஸ் ஏறுவார். எல்லாரிடமும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். ஊக்கு ஏன் குத்தினீர்கள்?

சட்டை கிழிந்திருந்தது, அம்மா வீட்டில் இல்லை என்று ஒரு பையன் எழுதியிருந்தான். பஸ்ஸில் ஆண்கள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டு ஊக்கைப் பார்க்கட்டும் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். நான் குத்தவில்லை, என் நண்பன் குத்தினான், அவனைக் கேளுங்கள் என்று பிரேசிலிலிருந்து ஒருவன். இந்தக் கடைசிப் பதிலை அவர் எத்தனை பேரிடம் காட்டினார் என்று கணக்கில்லை. உலகத்தில் தன்னைப் போல இன்னொருவன் இருப்பது தெரிந்த சந்தோஷம்.

அவர் பெயருக்கு வரும் அந்நியத் தபாலெல்லாம் நூலகத்துக்கு வரும். படித்து முடித்தவுடன் பத்திரிகைகளை நூலகத்துக்கே கொடுத்துவிடுவார். இங்கேதான் எனக்கு வினை. பதிவேட்டில் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு என்று கட்டங்கள் உண்டு. அந்தப் பத்திரிகைகளில் ஆண்டு இருக்காது. ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் ஒரு வசவு இருக்கும். ஒன்றில் வெளியீட்டாளர் 'என் படுக்கையறை' என்றிருந்தது.

"இதை எப்படி சார் எழுதுறது?" என்று கேட்டேன்.

"அவங்களே அப்புடித்தானுங்க சொல்லீருக்காங்க. அப்புடியே எழுதுங்க."

எழுதினேன். அந்த வருஷம் தணிக்கைக்கு வந்த அதிகாரி, படுக்கையறை எந்த ஊர்ப் பதிப்பகம் என்று முதல்வர் முன்னால் என்னைக் கேட்டார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நல்லவேளை அன்றைக்கு இவர் விடுப்பு. இருந்திருந்தால் அந்தப் படுக்கையறைக்காரனையே கேட்டுவிடுவோம் என்று ஒரு கடிதம் போட்டிருப்பார்.

ஒருநாள் மாலை, வகுப்புகள் முடிந்தபின், எனக்கு ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினார். நான் இரண்டு பாட்டு பொறுத்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி, "எப்புடி இருக்குதுங்க?" என்றார்.

"லாரிப் பட்டறையில தகடு அடிக்கிற மாதிரி இருக்கு சார்."

உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதி, கீழே என் பெயரும் தேதியும் போட்டு என் முன்னால் நீட்டினார். "இப்புடி எழுதிக்கலாமுங்களா? சரின்னா ஒரு கையெழுத்து."

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா சார் இது?"

"இல்லீங்க. தலை வலிக்குது."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"தலை வலிக்குதுங்கறது எம்பட சேதி. அவங்க சேதி என்னன்னு தெரியோணுமில்லீங்க."

இதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது என்றாலும், வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வார்த்தை கூடவே வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அவரிடம் இப்படித்தான். பத்து நாள் பல்லைக் கடிக்க வைப்பார், பதினோராம் நாள் ஒரு வார்த்தை சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

ஏமாளி என்று அவரை நினைத்துவிடக் கூடாது. ஒரு தேர்வில் இரண்டாம் வருஷ மாணவன் பார்த்து எழுதியதாகப் பிடிபட்டான். விசாரித்து அறிக்கை தரும்படி முதல்வர் இவரிடம் விட்டார். இவர் மாணவனைக் கூப்பிட்டு, "பாத்து எழுதுனயா சாமி?" என்று கேட்டார். அவன் இல்லை என்றான். 'மாணவர் இல்லை என்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். முதல்வர் கத்திய கத்தல் நூலகம் வரை கேட்டது. இரண்டு மாதம் கழித்து அந்த மாணவனே வந்து, பார்த்துத்தான் எழுதினேன் என்று இவரிடம் அழுதான். இவர் அலுவலகத்திலிருந்து அந்தக் கோப்பை வாங்கி, முதல் வரியை அடிக்காமல், அதன் கீழே 'பிறகு வந்து ஆம் என்றார்' என்று எழுதித் தேதி போட்டார். அப்போது பொய் சொல்கிறான் என்று தெரியாதா என்று நான் கேட்டேன். தெரியும் என்றார். தெரிந்தால் எழுத வேண்டியதுதானே என்றேன். "நமக்குத் தெரிஞ்சதை எழுதறது நம்ம கதைங்க. அவன் சொன்னதை எழுதறதுதான் அவன் கதை" என்றார்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் பதிந்து ஐந்து வருஷம், நீட்டிப்பு ஒரு வருஷம், மொத்தம் ஆறு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி பதிய முடியாத வயசு அவருக்கு. எங்கள் கல்லூரியில் சமூகவியலில் முதுகலை வகுப்பு வரப்போவதாகவும், டாக்டர் பட்டம் இருந்தால் அவர்தான் தலைமை என்றும் நிர்வாகம் சொல்லியிருந்தது. ஆறாவது வருஷத்தின் பாதியிலேயே ஆய்வேடு முடிந்துவிட்டது. ஆனால் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

காரணம் அவர் வைத்திருந்த ஒரு வழக்கம். யாரைப் பற்றி எழுதினாலும் அந்தப் பகுதியைத் தட்டச்சு செய்து அவர்களுக்கே அனுப்பிவிடுவார். கீழே 'என்னைப் பற்றி எழுதியிருப்பது சரி' என்று ஒரு வரி, 'சரியில்லை, சரியானது இது' என்று இன்னொரு வரி, எழுத இடம். நிறையப் பேர் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். சிலர் படம் வரைந்து அனுப்பினார்கள். ஒருத்தி முழுப் பகுதியையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதி அனுப்பினாள். இவர் அவள் எழுதியதையே போட்டார். ஒரே ஒருவனிடமிருந்து மட்டும் வரவில்லை. போலந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் இருந்த பையன். ஆரம்பத்தில் இரண்டு கடிதமும் ஒரு கேசட்டும் அனுப்பியிருந்தான். அப்புறம் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. அவன் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கூப்பன் வைத்து, இவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

வழிகாட்டிப் பேராசிரியர், பெயரை மாற்றிவிட்டுக் கொடு என்றார். "பேரை மாத்துனாலும் பாட்டு இருக்குதுங்களே. போலீசை நக்கலடிச்சுப் பாடுன பாட்டு. அதைப் பாத்தா யாருதுன்னு அந்த ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும். புடிச்சுட்டுப் போயிட்டா?" என்றார் இவர். சரி, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்றார் பேராசிரியர். "அவன் சொன்னதுதானுங்க மணி. அதை எடுத்துட்டா மிச்சமெல்லாம் சோளத்தட்டு."

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாமக்கல்லில் உட்கார்ந்து எழுதுகிற ஒரு ஆய்வேட்டை எந்தப் போலந்துப் போலீஸ்காரன் படிக்கப்போகிறான்? முகம் தெரியாத ஒரு பையனுக்காக வீட்டில் இருப்பவர்களின் ஆறு வருஷத்தைத் தூக்கிப் போடுவது என்ன நியாயம்? வாய்விட்டே கேட்டேன். "நீங்க சொல்றதும் சரிதானுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்றால், கேட்கமாட்டேன் என்று அர்த்தம்.

கடைசித் தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவருடைய மனைவி நூலகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்கண்ணா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? அவரு கேசட்டு கேக்கறாருன்னு ஆறு வருசமா எங்கூட்டுல ஒருத்தரும் சத்தமாப் பேசலீங்க. எங்க மாமனாரு சாகறப்பக்கூட, படிச்சு முடிச்சானான்னுதான் கேட்டாருங்க. ஒரு கடுதாசி. ஒரே ஒரு கடுதாசி வந்தாப் போதுமுங்களாமா."

ஒரு கடிதம்தானே என்று எனக்கும் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை மதியம், நூலகம் காலியாக இருந்தபோது, புத்தக அட்டைகள் அடிக்கும் தட்டச்சு இயந்திரத்தில் தாளை ஏற்றினேன். போலந்துப் பையனின் பெயரும் முகவரியும் எனக்கு மனப்பாடம். இடது கையால் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை, தபாலில் வந்தது, உறை நனைந்து கிழிந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் கண்களில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையனின் உண்மையான கடிதங்களை அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். சிவப்பு மையில் தாளின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடியும். நடுவில் ஒரு எலியின் படம். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. இதையெல்லாம் பார்த்தும் என் கை என்ன எழுதியது தெரியுமா? ஆங்கிலத்தில்தான் அடித்தேன், ஆனால் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: மேற்கோள் காட்ட அனுமதி வழங்குதல் தொடர்பாக. பார்வை: தங்கள் பல்வேறு கடிதங்கள். மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்…' கோப்பு எண் ஒன்றுதான் போடவில்லை. இருபது வருஷம் மேலிடத்துக்குக் கடிதம் எழுதியே பழகிய கை. அரசாங்கத்தை எதிர்த்துக் கத்துகிற ஒரு சுரங்க ஊர்ப் பையன், நாமக்கல் தாலுகா அலுவலகத்து எழுத்தர் போல எழுதியிருக்கிறான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கடிதத்தைக் கொடுத்த மறுநாள் காலை அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. இது நீங்க எழுதுனதுங்களா?"

குரலில் கோபம் இல்லை. குடிப்பீர்களா என்று இயற்பியல்காரரைக் கேட்டபோது இருந்த அதே குரல். அந்த நொடியில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி, அவரை இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

"நானா? நான் எதுக்கு சார் எழுதப்போறேன்?"

"இல்லைங்கறீங்க."

"இல்லை."

"சரிங்க" என்றார். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு தாளோடு வந்தார். ஆய்வேட்டில் சேர்க்கப்போகும் பகுதி என்றார். நான் வாங்கிப் படித்தேன். 'போலந்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அனுமதிக் கடிதம், அதே ஊரிலிருந்து முன்பு வந்த இரண்டு கடிதங்களை எந்த வகையிலும் ஒத்திருக்கவில்லை. உறை கிடைக்கவில்லை. அதைக் கையில் கொடுத்த எங்கள் கல்லூரி நூலகரிடம் நான் கேட்டபோது, அது தாம் எழுதியதல்ல என்றார்.' அவ்வளவுதான். கீழே அந்த இரண்டு வரிகள். 'என்னைப் பற்றி எழுதியிருப்பது சரி.' 'சரியில்லை, சரியானது இது.' எழுத இடம்.

"உங்களைப் பத்தி எழுதியிருக்குது. நீங்க பாத்து ஒப்புக்கிட்டாத்தான் சேக்க முடியுமுங்க. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"பாக்கறேன் சார். இப்பக் கொஞ்சம் வேலை இருக்கு" என்றேன்.

முதல் வரியில் கையெழுத்திட்டால் என் பொய் என் கையெழுத்தோடு பல்கலைக்கழக நூலகத்தில் ஏறிவிடும். இரண்டாம் வரியில் எழுதினால், கள்ளக் கடிதம் எழுதிய நூலகர் என்று என் வேலை போனாலும் போகும். அதைவிட, அவரிடம் அவர் முகத்துக்கு நேரே சொன்ன இல்லையை எப்படித் திரும்ப வாங்குவது? நான் ஒப்புக்கொண்டால் அவருடைய அந்த அத்தியாயம் செத்துவிடும், அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் சப்பைக்கட்டு. தினமும் காலையில் வந்து ஒரே ஒரு முறை, "பாத்தீங்களா?" என்பார். "இன்னும் இல்ல சார்" என்பேன். இரண்டாம் முறை கேட்கவே மாட்டார். கேட்டிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், சொல்லியிருப்பேனோ என்னவோ.

கிளம்ப வேண்டிய நாள் மாலை, நாலு மணிக்கு, ஒரு பெரிய துணிப்பையோடு வந்து உட்கார்ந்தார். சேலத்தில் ரயில் பிடிக்க வேண்டுமென்றால் இங்கிருந்து ஏழு மணிக்கு பஸ் ஏறியாக வேண்டும். மறுநாள் சென்னையில் ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள்.

"அந்தப் பாராவை எடுத்துட்டுப் போங்க சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்புறம் அந்தக் கடுதாசியை என்னன்னு சொல்றதுங்க? யாரு எழுதுனாங்கன்னு உங்களையும் கேட்டாச்சு. கேட்டதுக்கப்புறம் கேக்காத மாதிரி இருக்க முடியாதுங்களே." பையைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு கட்டுகள். "இது போலந்து அத்தியாயத்தோட அடிச்சது. இது அந்த அத்தியாயம் இல்லாம அடிச்சது. நீங்க எழுதலைன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா மொதக் கட்டைக் குடுத்துருவேன். நீங்கதான் எழுதுனீங்கன்னா, அவன் பதில் இன்னும் வரலைன்னு அர்த்தம். ரெண்டாவதைக் குடுத்துட்டு, ஒரு அத்தியாயம் பதிலுக்காக நிக்குதுன்னு ஒரு வரி போட்டுருவேன். கடைசி நாளு வரைக்கும் பாத்தாச்சுங்க. எனக்கு ரெண்டும் சம்மதம். ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, போதும்."

ஆறு வருஷம் எதையும் விட்டுக்கொடுக்காத மனிதர் எனக்காக ஒரு அத்தியாயத்தை விட்டுக்கொடுத்து, இரண்டு கட்டு தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறார். எந்தப் பதில் சொன்னாலும் அவர் ரயில் ஏறிவிடலாம். பதில் சொல்லாவிட்டால்தான் ஏற முடியாது. அது எனக்கு நன்றாகவே புரிந்தது. பேனாவை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். நூலகத்தை மூடும் ஆறு மணி போயிற்று. பணியாளை வீட்டுக்கு அனுப்பினேன். விளக்கைப் போட்டேன். சாலையில் சேலம் பஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் மேசையில் கிடந்த செய்தித்தாளைக்கூடத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேரின் பதிலுக்கு அப்படித்தான் காத்திருந்திருப்பார்.

ஏழரை மணிக்குக் கையை நீட்டித் தாளை எடுத்துக்கொண்டார். அதன் அடியில் 'பதில் வரவில்லை' என்று எழுதித் தேதி போட்டார். போலந்துப் பையனுக்கு அனுப்பிய தாளின் நகலுக்குக் கீழே அதை வைத்தார். அவனுக்காவது வாசலில் ராணுவம் நின்றது. என் எதிரில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு பைக்குள் கைவிட்டு, வாழையிலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தார்.

"ரயிலுக்குன்னு ஊட்டுல கட்டிக் குடுத்தாங்க. இனி வெச்சிருந்தாக் கெட்டுப்போயிருமுங்க. ஆளுக்குப் பாதி சாப்புட்டுருவோம்."

புளிச்சோறு. இலையை இரண்டாகக் கிழித்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன்.